அருளா, இசைவா: லைடன் நகரின் பழைய வழக்கு

மனிதர் இரட்சிப்புப் பெறுவது கடவுள் முன்கூட்டியே எடுத்த முடிவினால் மட்டுமா, அதில் மனிதரின் இசைவுக்கும் இடம் உண்டா என்ற கேள்வி கிறிஸ்தவ இறையியலில் அகுஸ்தீன், பெலாகியுஸ் காலத்திலிருந்தே உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கேள்வி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் மறுபடியும் பற்றிக்கொண்டது. ஒரே துறையில் பணியாற்றிய இரண்டு பேராசிரியர்களின் வாதமாகத் தொடங்கிய அது, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் ஆட்சியை மாற்றி, அதன் மூத்த அரசியல் தலைவரின் தலையை வெட்டும் வரை போயிற்று.

மாநாடுகளுக்கென்று லைடன் வருவோர்க்குக் குறைவே இல்லை. ஏழாவது உலக சமஸ்கிருத மாநாடு 1987இல் இங்குதான் நடந்தது. இயற்பியலாளரும் வானியலாளரும் ஆண்டு முழுவதும் வந்துபோகிறார்கள். தமிழ் ஆய்வாளர் வந்தால், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைச் சோழர் தானமாக அளித்ததைச் சொல்லும் செப்பேடுகளைத்தான் முதலில் விசாரிப்பார். லைடன் என்ற பெயரே தமிழ் வரலாற்று நூல்களில் அந்தச் செப்பேடுகளால் நிலைத்தது. ஆனால் நகரத்தின் சொந்த வழக்கு வேறு. ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேர நடையில் ராபென்பர்க் கால்வாய் வரும். அதன் கரையில், ஒரு காலத்தில் கன்னியர் மடத்துச் சிற்றாலயமாக இருந்து 1581இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த அகாடமிக் கட்டடம் நிற்கிறது. பாலத்தைக் கடந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் பீட்டர்ஸ்கெர்க் என்னும் புனித பேதுரு ஆலயம். வழக்கு பிறந்து வளர்ந்தது இந்தச் சிறிய வட்டாரத்தில்.

பல்கலைக்கழகம் பிறந்த கதையிலேயே அருளும் முயற்சியும் பின்னிக் கிடக்கின்றன. 1574இல் ஸ்பானியப் படை லைடனை முற்றுகையிட்டபோது, பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கடலை உள்ளே விட்டு எதிரியைத் துரத்த எண்ணிய ஹாலந்துக்காரர்கள் ஆகஸ்டில் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டினார்கள். தண்ணீர் போதிய அளவு ஏறவில்லை. மீட்புப் படகுகள் வாரக்கணக்கில் தரைதட்டி நின்றன. அக்டோபர் தொடக்கத்தில் புயல் அடித்தது, காற்று திரும்பியது, வெள்ளம் ஏறியது. அக்டோபர் 3 அன்று நகரம் விடுபட்டது. கரையை வெட்டியவர் மனிதர்; காற்றைத் திருப்பியவர் கடவுள் என்று நகரம் நன்றி செலுத்தியது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அன்று எவருக்கும் சங்கடம் இருக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில், 1575இல், பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. எந்த மன்னனை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்த இரண்டாம் பிலிப்பின் பெயரிலேயே அதன் சாசனம் எழுதப்பட்டது என்பது சட்ட நூல்களை நேசிக்கும் நாட்டுக்கே உரிய வேடிக்கை.

இறையியல் அங்கே கற்பிக்கப்பட்ட முறையைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. பேராசிரியர் ஒரு பொருளை எடுத்து, எண்ணிட்ட சிறு கூற்றுகளாக லத்தீனில் எழுதுவார். அவை சில பக்கங்களில் அச்சாகிக் கையில் கொடுக்கப்படும். குறித்த நாளில் பேராசிரியர் தலைமை தாங்க, ஒரு மாணவர் அந்தக் கூற்றுகளைத் தாங்கிப் பேசுவார். மற்ற மாணவர்கள் எதிர்வாதம் எடுப்பார்கள். எதிர்ப்பது அவர்களுடைய கடமை. எதிர்த்ததற்காக ஒருவரை அவிசுவாசி என்று யாரும் எண்ணமாட்டார்கள். இன்றைய டச்சு முனைவர் பட்டத் தேர்வில் இந்த முறையின் சாயல் அப்படியே இருக்கிறது. தேர்வர் அகாடமிக் கட்டடத்தின் மாடியில் ‘வியர்வை அறை’ என்று பெயர்பெற்ற சிற்றறையில் காத்திருக்கிறார். அதன் சுவர்களை முன்பு பட்டம் பெற்றோரின் கையெழுத்துகள் நிறைத்திருக்கின்றன. பிறகு கேள்விகள். நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் பல்கலைக்கழகப் பணியாளர் கோலுடன் உள்ளே வந்து ‘நேரம் ஆயிற்று’ என்று லத்தீனில் சொல்வார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பேச்சு அங்கேயே நிற்கும். பதில் முழுமையாக இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அந்த முறையில் இல்லை. அதன் பலம் அதுதான்.

இந்த மன்றத்தில் எதிரெதிராக வந்தவர்கள் ஃபிரான்சிஸ்குஸ் கோமாருஸும் யாக்கோபுஸ் அர்மீனியுஸும். இருவருமே போரினால் வேரறுந்தவர்கள். பிரூஜ் நகரில் பிறந்த கோமாருஸின் குடும்பம் விசுவாசத்தின் பொருட்டு ஜெர்மன் நாட்டுக்குப் பெயர்ந்தது. அர்மீனியுஸின் தாயும் உடன்பிறந்தோரும் 1575இல் ஆவ்டவாட்டர் ஊரை ஸ்பானியர் சூறையாடியபோது கொல்லப்பட்டனர். அவர் லைடனின் முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவர். ஜெனீவாவில் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் வாரிசான பேசாவிடம் படித்தவர். 1588 முதல் ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்து, பிளேக் பரவிய நாட்களிலும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றவர். 1603இல் லைடன் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1594 முதல் அங்கிருந்த கோமாருஸுக்கு அவரைப் பற்றி ஐயம் இருந்தது. ஆனாலும் நேரில் பேசித் திருப்தியடைந்து, அவருக்கு முனைவர் பட்டத்தைத் தம் கையாலேயே வழங்கினார். திருப்தி ஓராண்டு கூட நிற்கவில்லை. 1604 பிப்ரவரியில் அர்மீனியுஸ், கடவுளின் முன்முடிவாகிய முன்குறித்தலைப் பற்றிக் கூற்றுகளை வெளியிட்டார். அக்டோபரில் கோமாருஸ், தம் முறை வராதபோதும், அதே பொருளில் எதிர்க்கூற்றுகளை வைத்தார்.

கோமாருஸின் நிலை கேட்பதற்குக் கடுமையானது. ஆனால் அதன் உள்நோக்கம் கருணையற்றதன்று. மனிதரில் உள்ள எதையாவது பார்த்துக் கடவுள் அவரைத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார் என்றால், அருள் கூலியாகிவிடும். விசுவாசம் கூட ஒரு தகுதியாக எண்ணப்பட்டுவிடும். ஆகவே தெரிந்துகொள்ளுதலுக்கு மனிதரிடம் எந்தக் காரணமும் இருக்கக் கூடாது. கோமாருஸ் இதை இறுதி வரை கொண்டுசென்றார். சிலரை மீட்பது, சிலரைக் கைவிடுவது என்ற தீர்மானம், மனிதரைப் படைப்பது, அவர் வீழ்ச்சியடைய விடுவது என்ற தீர்மானங்களுக்கும் தர்க்க வரிசையில் முந்தியது என்றார். மிதமான கால்வினியர்கள் வீழ்ச்சியை முதலில் வைத்து, ஏற்கெனவே விழுந்துகிடந்த மனிதகுலத்திலிருந்து கடவுள் சிலரை எடுத்தார் என்றனர். வரிசைதானே என்று தோன்றும். ஆனால் கோமாருஸின் வரிசையில், மனிதர் பாவியாகக் கருதப்படுவதற்கு முன்பே கைவிடப்பட்டவராகிறார்.

அர்மீனியுஸ் கைவைத்தது இந்த இடத்தில். படைக்குமுன்பே ஒருவரைக் கைவிடுவது என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானம் நிறைவேற அவர் பாவம் செய்யும்படி விடுகிற கடவுள், பாவத்தின் மூலகாரணம் ஆகிவிடுகிறார். நீதிபதியே குற்றத்தைத் தூண்டினால் தீர்ப்புக்கு என்ன பொருள்? 1608 அக்டோபரில் தி ஹேக் நகரில் ஹாலந்து மாநில மன்றத்தின் முன் தம் கருத்தை விரிவாக வைத்தபோது அவர் அந்தத் தீர்மானங்களை வேறு வரிசையில் அடுக்கினார். முதலில் கிறிஸ்துவை மீட்பராக நியமித்தல். பிறகு மனந்திரும்பி விசுவாசிப்போரை ஏற்றல். பிறகு அதற்கு வேண்டிய வழிவகைகளை அளித்தல். கடைசியாக, யார் விசுவாசிப்பார், யார் நிலைத்திருப்பார் என்று கடவுள் முன்னறிந்ததற்கு ஏற்பத் தனியாட்களைத் தெரிந்துகொள்ளுதல். அருளின்றி மனிதர் நன்மையை எண்ணவும் முடியாது என்பதில் அவருக்கும் கோமாருஸுக்கும் வேறுபாடு இல்லை. அந்த அருளை மறுக்கும் திறன் மனிதருக்கு உண்டு என்பது மட்டுமே வேறுபாடு. இவ்வளவு சிறிய இடைவெளிதான். ஆனால் அதே ஆண்டில், அர்மீனியுஸின் கருத்துகளை வைத்துக்கொண்டு கடவுளின் நியாயாசனத்தின் முன் போய் நிற்கத் தமக்குத் துணிவில்லை என்று கோமாருஸ் வெளிப்படையாகச் சொன்னார்.

அர்மீனியுஸின் கேள்வி கோமாருஸால் எளிதில் தட்டிவிட முடியாதது. அர்மீனியுஸின் சொந்தப் பதிலோ அந்தக் கேள்வி அளவுக்கு உறுதியானதன்று. ஒருவர் நாளை விசுவாசிப்பார் என்று கடவுள் இன்றே பிழையின்றி அறிந்தால், நாளை அவர் விசுவாசிக்காமல் இருக்க முடியுமா? முடியும் என்றால் அறிவு பிழைபடும். முடியாது என்றால் சுதந்திரம் பெயரளவில்தான். அறிவது வேறு, நிகழச் செய்வது வேறு என்று பதில் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் எல்லாவற்றையும் அறிந்த ஒருவரே அந்த மனிதரையும் அவருடைய சூழலையும் படைக்கிறார் என்னும்போது அறிவுக்கும் செயலுக்கும் உள்ள தூரம் சுருங்கிவிடுகிறது. கோமாருஸிடம் நன்றியறிதலுக்கு விளக்கம் உண்டு, நீதிக்கு இல்லை. அர்மீனியுஸிடம் நீதிக்கு விளக்கம் உண்டு, முன்னறிவு அவரை மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே இழுக்கிறது.

தமிழ் வைணவத்துக்கு இந்த முட்டுச்சந்து பழக்கமானது. பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையார், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவன் உயிரைத் தானே தூக்கிச் செல்கிறான் என்பர். வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரும் பற்றவேண்டும் என்பர். ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் இந்த இரு கலைகளையும் கிறிஸ்தவ அருட்கொள்கையோடு ஒப்பிட்டார். ஒப்புமையை அதிகம் நீட்டக் கூடாது. வைணவத்தில் நிரந்தரமாகக் கைவிடப்பட்டோர் என்ற பேச்சு இந்தச் சண்டையின் மையத்தில் இல்லை. ஒரு பிறவியில் தவறியது அடுத்த பிறவியில் கூடலாம். ஒரே வாழ்வு, அதன்பின் முடிவற்ற தீர்ப்பு என்ற சட்டத்துக்குள் கேள்வியை வைத்ததால்தான் லைடனில் அது உயிர்நிலைக் கேள்வி ஆயிற்று.

அர்மீனியுஸ் 1609 அக்டோபரில் இறந்து பீட்டர்ஸ்கெர்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பிறகு வாதம் வகுப்பறையில் தங்கவில்லை. 1610இல் யோஹன்னஸ் ஊய்டன்போகார்ட் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட முறையீடு ஒன்றை அரசுக்கு அளித்தனர். முறையீட்டாளர் என்று பொருள்படும் ரெமான்ஸ்ட்ரன்ட் என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு எதிர்த்தரப்பு மறுமுறையீடு கொடுத்தது. அர்மீனியுஸின் நாற்காலிக்கு கொன்ராட் ஃபோர்ஸ்டியுஸ் அழைக்கப்பட்டபோது, கோமாருஸ் பதவி விலகி மிடல்பர்க் சென்றார். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னரோ கடல் கடந்து கண்டனம் அனுப்பினார். ஒரு பேராசிரியர் நியமனத்துக்கு இத்தனை அரச கவனம் எந்தக் காலத்திலும் நல்ல அறிகுறி அன்று. 1614இல் ஹாலந்து மாநில மன்றம், சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியுஸ் எழுதிய தீர்மானத்தின்படி, பிரசங்க மேடையில் இந்தப் பொருளைத் தொடவேண்டாம் என்று உத்தரவிட்டது. சகிப்புத்தன்மைக்காக எழுதப்பட்ட அந்த ஆணை, வாயை மூடச் சொன்ன ஆணையாகவே பலருக்குப் பட்டது.

பின்னால் அரசியல் வந்து சேர்ந்தது. ஹாலந்தின் தலைமை ஆலோசகர் யோஹன் ஃபன் ஓல்டன்பார்னவெல்ட் முறையீட்டாளர்களைக் காத்தார். படைத்தலைவர் மௌரிட்ஸ் இளவரசருக்கும் அவருக்கும், 1609இல் ஸ்பெயினோடு செய்த தற்காலிகப் போர்நிறுத்தத்தைத் தொட்டே பகை. 1617இல் மௌரிட்ஸ் எதிர்த்தரப்பின் ஆராதனைக்கு வெளிப்படையாகச் சென்றார். 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்டும் குரோஷியுஸும் கைதாயினர். நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில் தேசிய சினாடு கூடியது.

அது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மன் நாடுகள், சுவிஸ் நகரங்கள், ஜெனீவா ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடிய, லத்தீனில் நடந்த பேரவை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்களுடைய மன்னர் அனுமதி தராததால் இருக்கைகள் காலியாகவே இருந்தன. சினாட்டின் முதல் பெருஞ்சிக்கல் இறையியல் சார்ந்ததன்று. லைடனில் அர்மீனியுஸின் மாணவராயிருந்து பேராசிரியரும் ஆன சீமோன் எபிஸ்கோபியுஸின் தலைமையில் வந்த பதின்மூன்று முறையீட்டாளர்கள், தாங்கள் மாநாட்டுக்கு வந்திருப்பதாகவும் இரு தரப்பும் சமமாகப் பேசவேண்டும் என்றும் கேட்டனர். சினாடோ அவர்களை விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களாகவே நடத்தியது. வாரக்கணக்கில் இதே தகராறு. 1619 ஜனவரி 14 அன்று தலைவர் யோஹன்னஸ் போகர்மன் பொறுமையிழந்து அவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு அவர்களுடைய எழுத்துகளை மட்டும் வைத்து அவர்கள் இல்லாமலே வழக்கு நடந்தது. எதிர்ப்பவருக்கு இடம் தந்து பழகிய பேராசிரியர்கள் பலர் அந்த அவையில் இருந்தனர்; எதிர்ப்பவர் இல்லாத அவையில் அவர்கள் தீர்ப்பு எழுதினார்கள்.

தீர்ப்பு டோர்ட் விதிகள் என்ற பெயரில் மே மாதம் வெளியாயிற்று. தெரிந்துகொள்ளுதல் நிபந்தனையற்றது, அருள் வெல்லப்பட முடியாதது, தெரிந்துகொள்ளப்பட்டோர் இறுதிவரை நிலைப்பர் என்று அது உறுதிசெய்தது. ஆனால் வீழ்ச்சிக்கு முந்திய தீர்மானம் என்ற கோமாருஸின் வரிசையை அது ஏற்கவில்லை. விழுந்த மனிதகுலத்திலிருந்து தெரிந்துகொள்ளுதல் என்ற மிதமான நிலையிலேயே எழுதப்பட்டது. அர்மீனியுஸின் ஆட்சேபம் அவைக்கு வெளியே துரத்தப்பட்டாலும் அதன் அழுத்தம் விதிகளின் வாசகத்துக்குள் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். மே 13 அன்று, எழுபத்தொரு வயதான ஓல்டன்பார்னவெல்ட் தி ஹேக்கில் தலை வெட்டப்பட்டார். ஏறத்தாழ இருநூறு போதகர்கள் பதவியிழந்தனர். ஆயுள் சிறை பெற்ற குரோஷியுஸ் 1621இல் லூவெஸ்டைன் கோட்டையிலிருந்து, மனைவியின் திட்டப்படி, புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். அந்தப் பெட்டி தங்களிடமே இருப்பதாக ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் சொல்லிக்கொள்கின்றன.

லைடனின் இறையியல் துறை புதிய ஆட்களால் நிரப்பப்பட்டது. அந்தத் துறையின் பேராசிரியர் நால்வர் 1625இல் வெளியிட்ட இறையியல் தொகுப்பு, பழைய முறைப்படி நடந்த ஐம்பத்திரண்டு விவாதங்களின் வடிவிலேயே அமைந்தது. முறை அப்படியே இருந்தது. விடை முன்பே தெரிந்திருந்தது. நால்வரில் ஒருவரான அந்தோனியுஸ் வாலேயுஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போதகர்களைத் தயாரிக்கத் தம் வீட்டிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியைச் சில ஆண்டுகள் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி 1672இல் பெரிய நூலை வெளியிட்ட ஃபிலிப்புஸ் பால்தேயுஸும் லைடனில் இறையியல் படித்தவர்தான். டோர்ட் விதிகளை ஏற்றுக் கையொப்பமிட்ட திருச்சபையே ஒல்லாந்தர் காலத்துத் தமிழ்க் கரைகளுக்கு வந்து சேர்ந்தது.

துரத்தப்பட்ட கேள்வி நகரத்தை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. போதகரை இழந்த முறையீட்டாளர் சபை ஒன்றில், இனிப் போதகரே வேண்டாம், எழுந்து பேச விரும்பும் எவரும் பேசலாம் என்று கூட்டங்கள் நடத்தத் தொடங்கினார்கள். லைடனுக்குப் பக்கத்துக் கிராமமான ரைன்ஸ்பர்க் அவர்களுடைய இடமாயிற்று. ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்தால் விலக்கப்பட்ட தத்துவஞானி ஸ்பினோசா, அந்தக் குழுவினரில் நண்பர்கள் இருந்ததால், 1661 முதல் 1663 வரை அங்கே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். அங்கே அவரிடம் டெகார்ட்டின் தத்துவம் படித்த லைடன் மாணவர் யோஹன்னஸ் கசேயாரியுஸ் பின்னாளில் போதகராகக் கொச்சிக்குச் சென்று, ‘ஹோர்துஸ் மலபாரிகுஸ்’ என்ற மூலிகைப் பெருநூலின் முதல் தொகுதிகளுக்கு லத்தீன் எழுதினார்.

ஸ்பினோசாவின் பதில் இரு தரப்பையும் ஒருசேரக் கைவிட்டது. மனிதருக்குச் சுதந்திரமான சித்தம் இல்லை. எறியப்பட்ட கல்லுக்கு உணர்வு வந்தால் தானே விரும்பிப் பறப்பதாக எண்ணிக்கொள்ளும் என்று 1674இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இதுவரை கோமாருஸுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் ஸ்பினோசாவின் கடவுளுக்கும் தெரிந்துகொள்ளும் சித்தம் இல்லை. அனைத்தும் அவருடைய இயல்பிலிருந்து தவிர்க்க முடியாமல் பின்தொடர்கின்றன. தேர்வு செய்பவரே இல்லாதபோது, தேர்வு நியாயமா என்ற அர்மீனியுஸின் கேள்வி கேட்பாரற்றுப் போகிறது. நீதியின் சிக்கலை ஸ்பினோசா தீர்க்கவில்லை. அது எழும் தரையையே எடுத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைடன் பேராசிரியர் யோஹன்னஸ் ஸ்கோல்டன், கடவுளின் முழு ஆளுகை என்ற கால்வினியக் கொள்கையிலிருந்தே தொடங்கிச் சித்த சுதந்திரத்தை மறுக்கும் நூலை 1859இல் எழுதினார். 1920இல் லைடனின் சிறப்புப் பேராசிரியராக வந்த ஐன்ஸ்டைன், அதே ஆண்டில் ரைன்ஸ்பர்க்கிலுள்ள ஸ்பினோசா இல்லத்துக்குச் சென்று வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டார். சித்த சுதந்திரத்தில் அவருக்கும் நம்பிக்கை இல்லை. 1925 டிசம்பரில், இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லோரென்ட்ஸ் முனைவர் பட்டம் பெற்றதன் பொன்விழாவுக்காக அறிஞர்கள் லைடனில் கூடியபோது, ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் அங்கே சந்தித்தனர். குவாண்டம் இயற்பியல் பிறந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இயற்கையின் அடித்தளத்தில் தற்செயலுக்கு இடம் கிடைத்துவிட்டதால் மனிதருக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று சிலர் அப்போதிலிருந்து சொல்லிவருகிறார்கள். அது அவசரமான முடிவு. அணு தற்செயலாகச் சிதைவதால் எந்த மனிதரும் தம் செயலுக்குப் பொறுப்பாளி ஆவதில்லை. பொறுப்புக்கு வேண்டியது செயல் செய்பவருடையதாக இருப்பது. அருளை மறுக்கும் திறன் என்று அர்மீனியுஸ் காக்க முயன்றது அதைத்தான்; தற்செயல் அதற்கு ஈடாகாது.

திருச்சபைகளில் வழக்கு இரண்டு வழிகளாகவே தொடர்கிறது. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1778இல் தம் இதழுக்கு அர்மீனியுஸின் பெயரையே வைத்தார். நெதர்லாந்தில் 2004இல் மூன்று சபைகள் இணைந்து உருவான புராட்டஸ்டன்ட் சபை, தன் அறிக்கைகளின் பட்டியலில் டோர்ட் விதிகளை வைத்திருக்கிறது. முறையீட்டாளர்கள் சிறிய தனிச் சபையாக இருக்கிறார்கள். 1625இல் மௌரிட்ஸ் இறந்தபின் கெடுபிடி தளர்ந்ததால், 1634இல் எபிஸ்கோபியுஸின் தலைமையில் ஆம்ஸ்டர்டாமில் தங்கள் இறையியல் பள்ளியைத் தொடங்கினார்கள். 1873இல் அது லைடனுக்கு மாறியது. இப்போது அது ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரை பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தை 1880இல் நிறுவிய ஆபிரகாம் கைப்பர், லைடனில் ஸ்கோல்டனிடம் படித்துப் பின்னர் டோர்ட்டின் கால்வினியத்துக்குத் திரும்பியவர்.